பிரைவேட் கிளவுட்டுக்கு முன்: லினக்ஸ் சர்வர்களைத் தயார் செய்யும் முறை

கல்லூரி ஆய்வகத்தில் நான்கைந்து சர்வர்கள் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு கிளவுட் அமைக்க முடியுமா என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியும் என்பதுதான் என் பதில். ஆனால், கிளவுட் மென்பொருளை நிறுவும் கட்டளை கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு சர்வரையும் பெயர், நேரம், நெட்வொர்க், சேமிப்பு, மின்சாரம் ஆகிய ஐந்திலும் சரிபார்த்து ஒரே மாதிரியாக ஆக்கிவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். நான் இதுவரை சரிசெய்ய நேர்ந்த கோளாறுகளில் பெரும்பாலானவை கிளவுட் மென்பொருளில் இல்லை. அதற்கு முந்தைய இந்தத் தயாரிப்பில்தான் இருந்தன.

இங்கே எடுத்துக்கொள்ளும் தளம் அப்பாச்சி கிளவுட்ஸ்டாக். சிட்ரிக்ஸ் நிறுவனம் 2012-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த இத்திட்டம், 2013 மார்ச்சில் அங்கே முதல்நிலைத் திட்டமானது. ஓப்பன்ஸ்டாக் என்ற மற்றொரு கிளவுட் மென்பொருளுடன் ஒப்பிட்டால் தனித்தனியாக நிறுவிப் பராமரிக்க வேண்டிய சேவைகள் இதில் குறைவு; ஒருவரோ இருவரோ மட்டும் கவனித்துக்கொள்ளும் இடத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. இயங்குதளமாக உபுண்டு 22.04-ஐயும், மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகளை, ஓட்டுவதற்குக் கேவிஎம்-மையும் கொண்டு விளக்குகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஐந்து சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து ஆறுகளையும் அணைகளையும் கொண்டே அவற்றுக்குப் பெயர் வைக்கிறேன். கிளவுட்ஸ்டாக்கின் மேலாண்மை மென்பொருளும் தரவுத்தளமும் இருக்கும் சர்வர் பெருஞ்சாணி. வட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கும் சேமிப்பு சர்வர் பேச்சி. மெய்நிகர் இயந்திரங்கள் ஓடப்போகும் மூன்று ஹோஸ்ட்கள் கோதை, பறளி, வள்ளி.

இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

முதலில் பார்க்க வேண்டியது செயலியின் மெய்நிகராக்க வசதி. இன்டெல் செயலியில் அது விஎம்எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலியில் எஸ்விஎம் என்றும் செயலித் தகவல் கோப்பில் காணப்படும். உபுண்டுவில் 'சிபியூ-செக்கர்' என்ற பேக்கேஜை நிறுவி, 'கேவிஎம்-ஓகே' என்று தட்டினால் அந்த வசதியைப் பயன்படுத்த முடியுமா இல்லையா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். இல்லை என்று வந்தால் உடனே செயலியைக் குறை சொல்ல வேண்டாம். பல இயந்திரங்களில் பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

ஒரே கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இயங்கும் ஹோஸ்ட் தொகுதியில், சேரும் ஹோஸ்ட்களின் செயலிகள் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய சர்வர்களில் இது அடிக்கடி தவறுகிறது. கோதையில் புதிய தலைமுறைச் செயலியும் வள்ளியில் பழையதும் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தைக் கோதையிலிருந்து வள்ளிக்கு நிறுத்தாமல் மாற்றும்போது, பழைய செயலிக்குத் தெரியாத கட்டளைத் தொகுதிகள் குறுக்கே வந்து மாற்றம் தோல்வியடையலாம். வாங்குவதற்கு முன்பே மாடல் எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கியாகிவிட்டது என்றால் அவற்றைத் தனித்தனிக் கிளஸ்டர்களாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று வெளியே தெரியாத சிக்கல். ஒவ்வொரு மதர்போர்டுக்கும் ஒரு தனி அடையாள எண், அதாவது யூயூஐடி, இருக்க வேண்டும். விலை குறைந்த சில போர்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணையே போட்டிருப்பார்கள். கேவிஎம்-மை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் அந்த எண்ணைத்தான் ஹோஸ்டின் அடையாளமாகக் கொள்கிறது என்பதால், இரண்டாவது ஹோஸ்டைச் சேர்க்கும்போது அது ஏற்கெனவே இருக்கிறது என்று கிளவுட்ஸ்டாக் மறுத்துவிடும். 'யூயூஐடிஜென்' கட்டளையால் புதிய எண் ஒன்றை உருவாக்கி, லிப்விர்ட்டின் அமைப்புக் கோப்பில் 'ஹோஸ்ட்_யூயூஐடி' என்ற வரியில் கொடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். நேரம் மிச்சமாகும் என்று ஒரு வட்டில் உபுண்டுவை நிறுவி மற்ற வட்டுகளுக்கு அப்படியே நகலெடுப்பவர்கள், இயந்திர அடையாளக் கோப்பான 'மெஷின்-ஐடி'யையும் ஒவ்வொரு சர்வரிலும் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையென்றால் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி மூலம் எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும் விசித்திரத்தைப் பார்ப்பீர்கள்.

பெயரும் முகவரியும்

ஒவ்வொரு சர்வருக்கும் நிலையான ஐபி முகவரி வேண்டும். பெருஞ்சாணிக்கு 10.20.0.10, பேச்சிக்கு 10.20.0.11, ஹோஸ்ட்களுக்கு 10.20.0.21 முதல் 10.20.0.23 வரை என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைச் சர்வர் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.

'ஹோஸ்ட்நேம்' கட்டளையை 'எஃப்கியூடிஎன்' விருப்பத்துடன் ஓட்டினால், புள்ளியோடு கூடிய முழுப்பெயர் வர வேண்டும். வெறும் பெயர் மட்டும் வந்தால் நிறுவல் பாதியில் நிற்கும். உபுண்டு நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே சர்வரின் பெயரை எழுதி வைத்துவிடுகிறது. அந்த வரியை அப்படியே விட்டால், பெருஞ்சாணி தன் பெயரைத் தானே தேடும்போது வெளியில் யாராலும் எட்ட முடியாத உள்முகவரியே கிடைக்கும். அந்த வரியை நீக்கிவிட்டு, ஐந்து சர்வர்களின் உண்மையான முகவரிகளையும் பெயர்களையும் ஐந்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் உள்ளூர் டிஎன்எஸ் இருந்தாலும் இதைச் செய்யச் சொல்வேன்; டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்ட நாளிலும் இவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

நேரம்

நேரத்தைப் பலரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கிளவுட்ஸ்டாக்கின் மேலாண்மை சர்வர் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் ஒரு சான்றிதழ் வழங்கி, அதன் மூலமே மறைகுறியாக்கிய இணைப்பை ஏற்படுத்துகிறது. சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஹோஸ்டின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று அது முடிவு செய்து, இணைப்பை மறுத்துவிடும். மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோன பழைய சர்வரை ஒரு நீண்ட மின்தடைக்குப் பிறகு இயக்கினால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். ஒருமுறை ஒரு ஹோஸ்ட் ஏன் இணையவில்லை என்று மதியம் முழுவதும் பதிவுக் கோப்புகளைப் புரட்டிவிட்டு, கடைசியில் 'டேட்' என்று தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அன்றிலிருந்து பழைய சர்வர் எது வந்தாலும் முதலில் அந்த பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

எல்லாச் சர்வர்களிலும் 'குரோனி' என்ற பேக்கேஜை நிறுவுங்கள். பெருஞ்சாணி மட்டும் இணையத்திலுள்ள நேரச் சர்வர்களைப் பார்க்கட்டும். மற்ற நான்கும் பெருஞ்சாணியைப் பார்க்கட்டும். இதற்குப் பெருஞ்சாணியின் குரோனி அமைப்பில், உள்வலையமைப்பை அனுமதிக்கும் 'அலவ்' வரியையும், இணையம் இல்லாதபோதும் தன் கடிகாரத்தையே தொடர்ந்து வழங்கச் சொல்லும் 'லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10' என்ற வரியையும் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் இணைய இழை அறுந்து இரண்டு நாள் தொடர்பே இல்லாமல் போனாலும், ஐந்து கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். கிளவுட்டுக்கு வேண்டியது அந்த ஒற்றுமைதான். 'குரோனிசி சோர்சஸ்' என்று தட்டினால் வரும் பட்டியலில் பெருஞ்சாணியின் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்தச் சர்வர் அதைத் தேர்ந்துகொண்டுவிட்டது என்று பொருள்.

பேக்கேஜ்கள்

ஐந்து சர்வர்களும் ஒரே மேம்படுத்தல்களைத் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்குவது வீண். பெருஞ்சாணியில் 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' நிறுவி, மற்றவற்றை அதன் 3142 போர்ட் வழியாகப் பேக்கேஜ்களைப் பெறச் சொல்லுங்கள். முதல் சர்வர் இறக்கிய கோப்பு அங்கேயே சேமிக்கப்பட்டு, மற்ற நான்குக்கும் உள்வலையமைப்பின் வேகத்தில் கிடைக்கும். ஊருக்கு உள்ளே இணைய வேகம் குறைந்த இடங்களில் ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடும்.

பிறகு கிளவுட்ஸ்டாக்கின் பேக்கேஜ் களஞ்சியத்தையும் அதன் கையொப்பச் சாவியையும் எல்லாச் சர்வர்களிலும் சேர்த்து, ஒரே பதிப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஜாவாவை நீங்களாகத் தனியே நிறுவ வேண்டியதில்லை. கிளவுட்ஸ்டாக்கின் பேக்கேஜே தனக்கு வேண்டிய ஜாவா பதிப்பை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வேறு பதிப்பு இருந்து அது இயல்பானதாக அமைக்கப்பட்டிருந்தால்தான் குழப்பம் வரும்.

உபுண்டுவின் தானியங்கி மேம்படுத்தல் நல்ல வசதிதான். ஆனால் கிளவுட் ஹோஸ்டில் அது நள்ளிரவில் லிப்விர்ட்டையோ, மேலாண்மை சர்வரில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்-ஐயோ மேம்படுத்தி மறுதொடக்கம் செய்வதை நான் விரும்புவதில்லை. கிளவுட்ஸ்டாக், லிப்விர்ட், கேவிஎம்-முடன் சேர்ந்து இயங்கும் கீமு, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றின் பேக்கேஜ்களை 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' மூலம் நிறுத்திவைத்து, மாதம் ஒருமுறை நீங்களே நேரம் ஒதுக்கிக் கையால் மேம்படுத்துங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகிவிடக் கூடாது என்பதால் அந்த மாதாந்திர நாளைத் தவறவிடாதீர்கள்.

பிரிட்ஜ் அமைப்பது

கேவிஎம் ஹோஸ்டில் மெய்நிகர் இயந்திரங்கள் வெளியுலகைத் தொடர்புகொள்வது மென்பொருளாலான ஸ்விட்ச் போன்ற பிரிட்ஜ் வழியாகத்தான். வழக்கப்படி அதற்குக் 'கிளவுட்பிஆர்0' என்று பெயர் வைப்பார்கள். இரண்டாவது பிரிட்ஜ் இருந்தால் 'கிளவுட்பிஆர்1'. ஒரு கிளஸ்டரிலுள்ள எல்லா ஹோஸ்ட்களிலும் பிரிட்ஜின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி முகவரியை நெட்வொர்க் அட்டைக்குக் கொடுக்கக் கூடாது. அட்டையைப் பிரிட்ஜுக்குள் சேர்த்து, முகவரியைப் பிரிட்ஜுக்குக் கொடுக்க வேண்டும். வலையமைப்பில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை அணைத்து, முன்னனுப்பும் தாமதத்தைச் சுழியமாக வைக்க வேண்டும்.

நெட்வொர்க் அட்டை இரண்டு இருந்தால் ஒன்றில் மேலாண்மைப் போக்குவரத்தையும் சேமிப்பையும், மற்றதில் மெய்நிகர் இயந்திரங்களின் போக்குவரத்தையும் விடலாம். மெய்நிகர் இயந்திரங்களின் நெட்வொர்க்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது விலேன் எண். ஸ்விட்ச்சில் அந்த எண்களின் வரம்பை, எடுத்துக்காட்டாக 100 முதல் 199 வரை, ஹோஸ்ட்கள் செருகப்பட்டுள்ள எல்லா போர்ட்களிலும், பல விலேன்களை ஒரே கம்பியில் கடத்தும் டிரங்க் முறையில் அனுமதிக்க வேண்டும். ஒரு போர்ட்டில் மட்டும் விடுபட்டால், கோதையிலுள்ள மெய்நிகர் இயந்திரமும் பறளியிலுள்ளதும் பேசிக்கொள்ளும், வள்ளிக்குப் போனது மட்டும் ஊமையாகிவிடும். இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் ஆகும்.

உபுண்டுவில் இந்த அமைப்பை நெட்பிளான் கோப்பில் எழுதுகிறோம். இங்கே ஒரு எச்சரிக்கையை விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தபடி, நாகர்கோவிலில் இருந்த ஒரு ஹோஸ்டில், தொலைவிலிருந்தே கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் பிரிட்ஜ் அமைத்தேன். கோப்பில் அட்டையின் பெயரில் ஒரு எண்ணைத் தவறாக எழுதியிருந்தேன். 'நெட்பிளான் அப்ளை' என்று தட்டியதும் திரை உறைந்தது. கர்சர் கூடத் துடிக்கவில்லை. அன்று நல்ல மழை. பேருந்து பிடித்து, தக்கலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போய், சர்வர் அறையில் விசைப்பலகையைச் செருகி, அந்த ஒற்றை எண்ணைத் திருத்திவிட்டுத் திரும்பும்போது இரவாகிவிட்டது.

'நெட்பிளான் ட்ரை' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ஆனால் ஸ்பானிங் ட்ரீ, தாமதம் போன்ற பிரிட்ஜ் அளவுருக்கள் கோப்பில் இருந்தால், அவற்றைத் திருப்ப இயலாது என்று சொல்லி அது ஒதுங்கிக்கொள்ளும். நமக்கு வேண்டிய இடத்திலேயே அது உதவாது. ஆகவே நான் இப்போது செய்வது இது: பழைய நெட்பிளான் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துவைக்கிறேன், 'சிஸ்டம்டி-ரன்' மூலம், இன்னும் ஐந்து நிமிடம் கழித்து அந்த நகலைப் பழைய இடத்தில் வைத்து இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யுமாறு ஒரு டைமரை அமைக்கிறேன், அதற்குப் பிறகே புதிய அமைப்பைச் செயல்படுத்துகிறேன். இணைப்பு நிலைத்திருந்தால் டைமரை நிறுத்திவிடுவேன். துண்டித்துப்போனால் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் சர்வர் பழையபடி வந்து நிற்கும்.

உபுண்டுவின் கிளவுட்-இனிட் என்ற நிரலும் தன் பங்குக்கு ஒரு நெட்பிளான் கோப்பை உருவாக்கி வைத்திருக்கும். அதை விட்டுவிட்டு நீங்கள் புதிய கோப்பு எழுதினால், நெட்பிளான் இரண்டையும் சேர்த்தே படிக்கும்; அட்டைக்கும் முகவரி போகும், பிரிட்ஜுக்கும் போகும். கிளவுட்-இனிட்டின் நெட்வொர்க் வேலையை அதன் அமைப்பில் முடக்கிவிட்டு, அந்தக் கோப்பையும் அகற்றிவிடுங்கள்.

சேமிப்பு

வட்டுகளை நெட்வொர்க் வழியாகப் பகிரும் முறைக்கு என்எஃப்எஸ் என்று பெயர். அதற்குப் பேச்சி சர்வரில் 'என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்' பேக்கேஜும், மற்றவற்றில் 'என்எஃப்எஸ்-காமன்' பேக்கேஜும் வேண்டும். பேச்சியில் இயங்குதளம் இருக்கும் வட்டில் சேமிப்பை வைக்காமல், தனி வட்டுத் தொகுதியை 'எக்ஸ்போர்ட்' என்ற அடைவில் ஏற்றி, அதற்குள் முதன்மை, இரண்டாம்நிலை என இரண்டு அடைவுகளை உருவாக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுகள் முதன்மைச் சேமிப்பில் இருக்கும்; வார்ப்புருக்கள், ஐஎஸ்ஓ கோப்புகள், ஸ்னாப்ஷாட்கள் இரண்டாம்நிலையில் இருக்கும்.

பகிர்வு விதிகளில் படிக்க, எழுத அனுமதியும், 'நோ_ரூட்_ஸ்குவாஷ்' விருப்பமும் கட்டாயம். இல்லையென்றால் ஹோஸ்டின் ரூட் பயனர் எழுதும் கோப்புகள் மறுக்கப்படும். இந்த விருப்பம் தாராளமான அனுமதி என்பதால், உலகத்துக்கே திறந்துவிடும் நட்சத்திரக் குறியைப் போடாமல், 10.20.0.0 வலையமைப்புக்கு மட்டும் பகிருங்கள்.

பல வழிகாட்டிகளில் 'அசிங்க்' என்று எழுதியிருப்பார்கள். அப்படி அமைத்தால், வட்டில் எழுதி முடிக்கும் முன்பே எழுதியாகிவிட்டது என்று சேமிப்பு சர்வர் பதில் சொல்லிவிடும், வேகம் கூடும். ஆனால் பதில் சொன்னதற்கும் வட்டில் பதிந்ததற்கும் இடையே மின்சாரம் போனால், மெய்நிகர் இயந்திரம் பத்திரமாக இருப்பதாக நம்பிய தரவு காணாமல் போகும். ஐப்பசி இடிமழையில் ஒரே மாலையில் நான்கைந்து முறை மின்சாரம் போய்வரும் ஊரில் 'சிங்க்' என்பதையே பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வேகம் போதவில்லை என்றால் நல்ல எஸ்எஸ்டி வட்டுகளுக்குச் செலவழிக்கலாம்; இழந்த தரவை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது.

இன்னொரு விருப்பத்தை நான் எப்போதும் சேர்ப்பேன்: 'மவுண்ட்பாயிண்ட்'. ஏதோ காரணத்தால் தனி வட்டுத் தொகுதி ஏறாமல் பேச்சி இயங்கத் தொடங்கினால், 'எக்ஸ்போர்ட்' என்பது இயங்குதள வட்டிலுள்ள வெறும் அடைவாக இருக்கும். அந்த வெற்று அடைவை என்எஃப்எஸ் பகிர்ந்தால், ஹோஸ்ட்கள் அதில் எழுதத் தொடங்கிவிடும். உண்மையான தரவு ஒரு பக்கம், புதிதாக எழுதியது ஒரு பக்கம் என்று பிளவுபடும். இந்த விருப்பம் இருந்தால், வட்டு ஏறியிருந்தால் மட்டுமே பகிர்வு நடக்கும்.

சேமிப்புக்கும் ஹோஸ்ட்களுக்கும் இடையிலான பாதையையும் அளந்து பார்க்க வேண்டும். அணை நிரம்பியிருந்தாலும் கால்வாய் தூர்ந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஸ்விட்ச் ஏற்றுக்கொண்டால் சேமிப்பு வலையமைப்பில் எம்டியூ அளவை, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, 9000 பைட்டாக உயர்த்தலாம். பாதி இடத்தில் 9000, மீதியில் 1500 என்று இருப்பதைவிட எல்லாவற்றிலும் 1500 இருப்பதே மேல். உயர்த்திய பிறகு, துண்டாக்க வேண்டாம் என்ற விருப்பத்துடன் 8972 பைட் அளவில் 'பிங்' செய்து பாருங்கள். 9000-இல் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கான 28 பைட் போக மீதி அதுதான். அந்தப் பிங் ஹோஸ்ட் ஒவ்வொன்றிலிருந்தும் பதில் பெற்றால் பாதை முழுவதும் ஒரே அகலம் என்று நம்பலாம்.

லிப்விர்ட்

மூன்று ஹோஸ்ட்களிலும் 'கீமு-கேவிஎம்', 'லிப்விர்ட்-டீமன்-சிஸ்டம்', 'கிளவுட்ஸ்டாக்-ஏஜென்ட்' பேக்கேஜ்களை நிறுவிய பிறகு, லிப்விர்ட் நெட்வொர்க் வழியாக வரும் அழைப்புகளைக் கேட்குமாறு மாற்ற வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் 'லிசன்_டிசிபி' 1 என்றும், 'லிசன்_டிஎல்எஸ்' 0 என்றும், போர்ட் 16509 என்றும், 'ஆத்_டிசிபி' என்பதற்கு 'நன்' என்றும் எழுதி, சேவையின் தொடக்க விருப்பத்தில் 'லிசன்' சேர்க்க வேண்டும்.

உபுண்டு 22.04-இல் இது மட்டும் போதாது. சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்டி, லிப்விர்ட்டைச் சாக்கெட் வழியாக, அதாவது யாராவது தொடர்புகொள்ளும்போது, எழுப்பும் முறையில் வைத்திருப்பதால், 'லிசன்' விருப்பத்தோடு தொடங்க அது மறுத்துவிடும். லிப்விர்ட்டின் ஐந்து சாக்கெட் அலகுகளையும் 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்' மூலம் முடக்கி, பிறகு சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 'எஸ்எஸ்' கட்டளையில் 16509 போர்ட் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால் சரி. கடவுச்சொல்லே கேட்காத வாசல் இது என்பதை மறந்துவிடாதீர்கள். ஹோஸ்ட் கிளவுட்ஸ்டாக்கில் சேர்ந்ததும், முன்னர் சொன்ன சான்றிதழைப் பெற்று 16514 போர்ட்டில் பாதுகாப்பான இணைப்புக்கு மாறிக்கொள்ளும். அதுவரை மேலாண்மை வலையமைப்புக்கு வெளியே யாருக்கும் அது தெரியக் கூடாது.

நிரல்களின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மரில் லிப்விர்ட்டுக்கும் 'விர்ட்-ஏஏ-ஹெல்ப்பருக்கும்' உள்ள விதிகளை முடக்க வேண்டும். ஆப்ஆர்மரை முழுவதுமாக நீக்கச் சொல்லும் அறிவுரைகளை ஏற்க வேண்டாம். அந்த இரண்டை மட்டும் முடக்கினால் போதுமானது. ஹோஸ்டைச் சேர்க்கும் நேரத்தில் அதில் வேறு மெய்நிகர் இயந்திரம் எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளமும் ஃபயர்வாலும்

பெருஞ்சாணியில் மைஎஸ்கியூஎல் 8.0 நிறுவி, தனி அமைப்புக் கோப்பு ஒன்றில் 'இன்னோடிபி_ரோல்பேக்_ஆன்_டைம்அவுட்' 1, 'இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட்' 600, 'மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்' 350 என்று எழுதி, தரவுத்தள மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி பதிவை 'ரோ' வடிவத்தில் இயக்க வேண்டும். பைனரி பதிவுகள் இயல்பாக 30 நாள் வைக்கப்படும் என்பதால், அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லின் ரூட் பயனர் கடவுச்சொல் இல்லாமல் சாக்கெட் வழியாக உள்ளே போகும் முறையில் இருப்பார். கிளவுட்ஸ்டாக்கின் தரவுத்தள நிறுவல் கட்டளைக்குக் கடவுச்சொல் தேவை என்பதால் அதை முன்பே அமைத்துவிட வேண்டும்.

ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஐ அனுமதித்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள். ஹோஸ்ட்களில் 1798, 16509, 16514, கன்சோலுக்கான 5900 முதல் 6100 வரை, இடம்மாற்றத்துக்கான 49152 முதல் 49216 வரை திறக்க வேண்டும். பெருஞ்சாணியில் உலாவிக்கு 8080, ஏஜென்ட்களுக்கு 8250; பேச்சியில் என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049 போதும். மைஎஸ்கியூஎல்லின் 3306 வெளியே திறக்கவே வேண்டாம்.

மின்சாரம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்கு எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. நம்மால் முடிந்தது, சர்வர்கள் முறையாக அணைந்து, முறையாக எழும்படி செய்துவைப்பதுதான்.

கிளவுட்ஸ்டாக்கில் ஒரு நடத்தை உண்டு: கேவிஎம் ஹோஸ்ட்கள் என்எஃப்எஸ் முதன்மைச் சேமிப்பில் இடைவிடாமல் ஓர் இதயத்துடிப்புக் கோப்பை எழுதிக்கொண்டே இருக்கும், எழுத முடியாமல் போனால் ஹோஸ்ட் தன்னையே மறுதொடக்கம் செய்துகொள்ளும். ஒரே மெய்நிகர் இயந்திரம் இரண்டு இடங்களில் ஓடித் தரவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. இதன் விளைவு என்னவென்றால், பேச்சியோ இடையிலுள்ள ஸ்விட்ச்சோ முதலில் அணைந்தால், நன்றாக இருக்கும் மூன்று ஹோஸ்ட்களும் ஒருசேரத் தங்களை மறுதொடக்கம் செய்துகொள்ளும். சர்வர்களை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ஸ்விட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஸ்விட்ச்சும் பேச்சியும் அதிக நேரம் தாங்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்; அணைக்கும்போது மெய்நிகர் இயந்திரங்கள், ஹோஸ்ட்கள், பெருஞ்சாணி, கடைசியில் பேச்சி என்பதே வரிசை.

சர்வர்களை மனிதர் இல்லாமலே முறையாக அணைக்க 'நட்' என்ற யுபிஎஸ் கருவித்தொகுப்பை நிறுவலாம். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைப் பேச்சியில் செருகி, பேச்சியை முதன்மையாகவும் மற்ற நான்கையும் துணையாகவும் அமைத்தால், பேட்டரி குறையும் செய்தி 3493 போர்ட் வழியாக எல்லாவற்றுக்கும் போகும். துணைச் சர்வர்கள் தொடர்பை விட்டு அணையத் தொடங்கும்வரை, ஒரு குறிப்பிட்ட நேர வரம்புக்குள், முதன்மை காத்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டர்களில் தரவு இணைப்பு வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே வாங்கும்போதே யுஎஸ்பி தொடர்பு உள்ள யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். நில இணைப்பையும் மின்பணியாளரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். மின்சாரம் திரும்பும்போது பேச்சியும் பெருஞ்சாணியும் தாமாக எழும்படியும், ஹோஸ்ட்கள் அணைந்தே இருக்கும்படியும் பயாஸில் அமைத்து, சேமிப்பு தயாரான பிறகு ஹோஸ்ட்களை நீங்களே இயக்குங்கள்.

நிறுவும் கட்டளைக்கு முன்

எல்லாம் முடிந்ததும் ஐந்து சர்வர்களையும் அணைத்து, மேலே சொன்ன வரிசையின் எதிர்முறையில் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். கையால் தட்டிச் செயல்படுத்தி, கோப்பில் எழுத மறந்த அமைப்பு எதுவாக இருந்தாலும் இந்த மறுதொடக்கத்தில் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் முழுப்பெயர், குரோனியின் நட்சத்திரம், பிரிட்ஜின் முகவரி, 16509 போர்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பேச்சியின் இரண்டு பகிர்வுகளையும் ஏற்றி, ரூட் பயனராக ஒரு கோப்பை எழுதி அழித்துப் பாருங்கள். கோதையில் சரியாக வந்தது வள்ளியில் வரவில்லை என்றால், இரண்டின் அமைப்புக் கோப்புகளையும் 'டிஃப்' செய்து பார்த்தால் வித்தியாசம் கண்முன் நிற்கும். சரியான கோப்புகளின் நகலை இந்த ஐந்து சர்வர்களுக்கும் வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை ஒத்துவந்த பிறகு பெருஞ்சாணியில் 'கிளவுட்ஸ்டாக்-மேனேஜ்மென்ட்' பேக்கேஜை நிறுவி, தரவுத்தளக் கட்டளையையும் மேலாண்மைக் கட்டளையையும் முறையே ஓட்டலாம். சில நிமிடங்களில் உலாவியில் 8080 போர்ட்டில் நுழைவுப் பக்கம் வரும். பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'பாஸ்வேர்ட்' என்பதுதான் இயல்பு அமைப்பு. ஹோஸ்ட்களைச் சேர்க்கத் தொடங்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.